இருதய நோய் கண்டவரும் உடல் உழைப்பும்

இருதய நோய் ஒருமுறை கண்டுவிட்டால் அம்மனிதர் இனி அசையலாகாது, நாற்காலியிலோ கட்டிலிலோ எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டியதுதான் என்னும் எண்ணம் நம் மக்களிடையே இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அன்பினாலும் அச்சத்தினாலும் எழுந்த எண்ணமேயாயினும், இது தவறான எண்ணம். இதனால் விளையும் தீங்கும் சிறிதன்று.

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலும், அதற்கப்பால் மீஞ்சூர், பொன்னேரி வரையிலும் உள்ள கூட்டுறவு சங்கங்களுக்கு ஆய்வுக்காகச் செல்லும் நமக்கு இத்தீங்கு கணக்குப் புத்தகங்களின் வாயிலாகவே கண்ணிற்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகத் தவணை செலுத்திவந்த அங்கத்தினர் ஒருவரின் பெயருக்கெதிரே திடீரென்று பாக்கி ஏறத் தொடங்கும். விசாரித்தால், "நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார், இப்போது வீட்டோடு இருக்கிறார்" என்பார்கள். ஆறு திங்கள் கழித்துச் சென்றாலும் அதே விடைதான். டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார். வீட்டார் வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். தறி ஓய்ந்து கிடக்கும். அல்லது நிலம் குத்தகைக்குப் போயிருக்கும். உடல் பருத்துவிடும், மனம் சோர்ந்துவிடும். நோய் கொண்டுபோகாத பிழைப்பை அச்சம் கொண்டுபோய்விடும்.

ஆகவே இருதய நோயாளிக்கு உடல் உழைப்பு பகையா, நட்பா, நட்பேயானால் அதன் அளவு யாது, அதனுடன் கைக்கொள்ள வேண்டிய பிற கட்டுப்பாடுகள் எவை, சங்கங்கள் இதில் செய்யத்தக்கது என்ன என்பனவற்றை அங்கத்தினர்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

உழைப்பின் உருவம் மாறிற்று

வடசென்னைக் கடற்கரை தொன்றுதொட்டு உழைப்பாளரின் இருப்பிடமாகும். திருவொற்றியூரைச் சார்ந்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர். அவர் பெயரே மருவிக் காலடிப்பேட்டையாயிற்று. கம்பெனியார் காலத்தில் துணி வெளுத்தோர் வாழ்ந்தமையால் வண்ணாரப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. பின்னர் துறைமுகமும், பெரம்பூர் வட்டாரத்து நெசவு ஆலைகளும், எண்ணூர் மோட்டார்த் தொழிற்சாலையும், திருவொற்றியூர்த் தொழிற்கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இங்கு வாழ்ந்தோர் உடலை அசைத்தாலன்றி உணவு கிட்டாத காலம் இருந்தது. மூட்டைகள் முதுகில் ஏறி இறங்கின. நெசவாளர் விடியற்காலையில் பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு, முனைக்கு முனை பலமுறை நடந்தனர். வேளாளர் ஏற்றம் இறைத்தனர். ஏர் பின்னே காதக்கணக்கில் நடந்தனர். இன்று அந்நிலை இல்லை. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் அமைந்தபின், பலர் கூடிச் சுமந்த சரக்கைப் பாரந்தூக்கி ஒன்று பெட்டியோடு எடுத்து வைக்கிறது. 2001-இல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரி ஓடுபட்டையின் மேல் தானே நகர்கிறது. வயலில் பம்புசெட்டும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. கடைக்குச் செல்லவும் மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது.

இம்மாற்றங்களை நாம் குறைகூறவில்லை. முதுகொடியும் சுமை குறைந்தது நன்மையே. ஆனால் அசைவு குறைந்த அளவுக்கு நம் உணவும் பழக்கங்களும் மாறவில்லை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களில் பாதிக்குமேற்பட்டோர் போதிய உடலசைவு இல்லாதவர்கள் என்று கண்டனர். ஓய்வு வேளையில் உடற்பயிற்சி செய்வோர் பத்தில் ஒருவர்கூட இல்லை.

வைத்திய உலகம் கற்ற பாடம்

இருதய நோய்க்கு அசைவு நன்மை தரக்கூடும் என்பது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. நெஞ்சை இறுக்கும் வலியை 1772-இல் முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவர் வில்லியம் ஹெபர்டன் என்னும் ஆங்கில வைத்தியர். அவர் மறைந்தபின் 1802-இல் வெளிவந்த நூலில், இந்நோயுடைய ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக்கிக்கொண்டு ஏறக்குறைய முழுக் குணமடைந்த செய்தி காணப்படுகிறது. ஆயினும் பிற்கால வைத்தியர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், மாரடைப்புக் கண்டவரை ஆறு வாரம் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பதே முறையாக இருந்தது. நீண்ட படுக்கையால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து மடிந்தோரும் உண்டு.

1952-இல் அமெரிக்க டாக்டர்கள் லெவைன், லௌன் இருவரும் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அதனால் தீங்கில்லை என்று அறிவித்தனர். 1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு ஏற்பட்டபோது, அவரைக் கவனித்த டாக்டர் பால் டட்லி ஒயிட் படிப்படியாக நடக்கவும் விளையாடவும் அனுமதித்தார். ஐசனோவர் அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று மீண்டும் ஜனாதிபதியானார். இதனைக் கண்ட பின்னரே பொதுமக்களின் அச்சம் சற்றுத் தெளிந்தது.

அக்காலத்திலேயே நோய் வருமுன் காக்கும் வழியையும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். லண்டன் நகரின் மாடி பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருக்கிறார். கண்டக்டரோ நாளொன்றுக்கு ஐந்நூறு படிகளுக்குக் குறையாமல் ஏறுகிறார். ஜெரமி மாரிஸ் என்னும் டாக்டரும் அவர் குழுவினரும் ஏறத்தாழ 31,000 போக்குவரத்துத் தொழிலாளரை ஆராய்ந்து, கண்டக்டர்களிடம் இருதய நோய் குறைவு என்றும், வந்தாலும் கடுமை குறைவு என்றும் 1953-இல் வெளியிட்டனர். நெசவாளர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று இதில் உண்டு. கம்பெனி வழங்கிய சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை மாரிஸ் பின்னர் புரட்டிப் பார்த்தார். ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களைவிட இடுப்பு பெருத்தவர்களாக இருந்தனர் என்பது துணியின் அளவிலிருந்து தெரிந்தது. ஆகவே எல்லா வேற்றுமையும் படி ஏறியதனால் வந்ததன்று என்பதை 1956-இல் அவரே எடுத்துரைத்தார். இடுப்பின் சுற்றளவும் இருதய நோயும் உறவுடையன என்பதை இன்று யாவரும் ஒப்புக்கொள்கின்றனர்.

நம் துறைமுகப் பகுதிக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் நடந்தது. கப்பலில் சரக்கேற்றி இறக்கும் 6,351 தொழிலாளரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரால்ப் பாஃபன்பார்கர் 1975-இல் அதன் முடிவை வெளியிட்டார். இலகுவான வேலை செய்தோரிடம் இருதய நோயால் நேர்ந்த மரண விகிதம், கடின வேலை செய்தோரின் விகிதத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கை எட்டியது.

நோய் வந்தபின் நடப்பதன் பயன் என்ன என்பதும் இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. மாரடைப்பு, இரத்தக்குழாய் அடைப்பு, அதற்கான அறுவை சிகிச்சை முதலியவற்றுக்குப் பின் முறையான பயிற்சி பெற்றோர் பற்றிய 85 சோதனைகளை, 23,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றுசேர்த்து 2021-இல் வெளியிட்டனர். பயிற்சி பெற்றோரிடம் இருதய நோயால் இறப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மீண்டும் மாரடைப்பு வருவதும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்தன.

நம் நாட்டிலும் 24 ஆஸ்பத்திரிகளில் மாரடைப்புக் கண்ட 3,959 பேரைக் கொண்டு யோகப் பயிற்சியைச் சோதித்து 2020-இல் முடிவு வெளியிட்டனர். மரணத்தையும் மறுநோயையும் அது குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். முன்பு செய்துவந்த காரியங்களுக்குத் திரும்புவதிலும் முந்தினர். பிழைப்பை எண்ணிக் கவலையுறும் நம் அங்கத்தினர்க்கு இச்செய்தி முக்கியமானது.

உழைப்பவருக்கும் நடை எதற்கு?

"நாள் முழுவதும் மூட்டை சுமக்கிறேன், எனக்கு ஏன் நடைப் பயிற்சி?" என்று கேட்போர் உண்டு. "எட்டு மணி நேரம் தறியில் காலும் கையும் ஓயவில்லையே" என்று நெசவாளரும் கேட்பர். இக்கேள்வி நியாயமானதே.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. ஓய்வு வேளையில் உடலை அசைத்தோர்க்கு இருதய நோய் குறைந்தது. வேலையில் கடுமையாக உடலை வருத்தியோர்க்கோ கூடிற்று. கடின உழைப்பினருடைய வறுமையும் புகைப் பழக்கமும்தான் இதற்குக் காரணமோ என்ற விவாதம் அறிஞரிடையே ஓயவில்லை. எனினும் சில வேற்றுமைகள் நமக்கே புலனாகும். பாரம் தூக்குகையில் மூச்சை அடக்கித் தம் கட்டுகிறோம். அப்போது இரத்த அழுத்தம் திடீரென மேலேறுகிறது. வேலையில் வேகத்தைத் தீர்மானிப்பவர் மேஸ்திரி. இளைப்பாறும் நேரத்தைத் தீர்மானிப்பதும் நாமல்ல. வெயிலும் புகையும் இரவு முறையும் சேர்ந்துகொள்கின்றன. நடையிலோ வேகமும் ஓய்வும் நம் கையில் இருக்கின்றன. பெரிய தசைகள் ஒரே சீராக இயங்குகின்றன.

தறி வேலையில் மிதிப்பதும் நாடா எறிவதும் அசைவுதான். ஆயினும் உட்கார்ந்த இடத்திலேயே மணிக்கணக்கில் இருப்பதால் அது நடையின் பயனைத் தருவதில்லை. உழைத்துக் களைத்த உடலும் பயிற்சி பெற்ற உடலும் ஒன்றல்ல என்பதே இதன் சாரம். ஆகவே நோய் கண்ட தொழிலாளி சுமை தூக்குவதற்கு அவசரப்படலாகாது. நடப்பதற்கு அஞ்சவும் கூடாது.

நடை மட்டும் போதுமா?

போதாது என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இருதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைப்பதே இந்நோயின் மூலம். கனடாவில் பணியாற்றும் இந்திய டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த ஆய்வு, முதல் மாரடைப்புக்கான காரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஒன்பது காரணங்களில் அடக்கிவிடலாம் என்று காட்டியது. புகையிலை, இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவேதனை ஆகியவற்றோடு, காய்கனி உண்ணாமை, உடலசைவின்மை ஆகியனவும் அவற்றுள் அடங்கும். தென்னாசிய மக்களுக்கு மாரடைப்பு மற்றவரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. குடும்பப் பொறுப்பு மிகுந்திருக்கும் வயதிலேயே வருகிறது என்று பொருள்.

நடை இவற்றுள் பலவற்றின்மீது ஒருசேர வேலை செய்கிறது. இரத்த அழுத்தத்தைச் சிறிது தாழ்த்துகிறது. தசைகள் சர்க்கரையை நன்கு ஏற்கச் செய்கிறது. நல்ல கொழுப்பைச் சற்றுக் கூட்டுகிறது. மனச்சோர்வைத் தணிக்கிறது. பழகிய தசைகள் இரத்தத்திலிருந்து பிராணவாயுவை நன்கு எடுத்துக்கொள்வதால், முன்பு செய்த அதே வேலைக்கு இருதயம் குறைவாக உழைத்தால் போதுமென்றாகிறது.

ஆனால் நடந்துவிட்டு வந்து பீடி பற்றவைப்பவருக்கு நடை துணைசெய்யாது. இருதய நோய் கண்டபின் புகையை விட்டோரிடம், விடாதோரைக் காட்டிலும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எந்த மாத்திரைக்கும் இது சளைத்ததன்று. வாயில் அடக்கும் புகையிலையையும் அவ்வாறே விடவேண்டும். உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இன்றிச் சோறு இறங்காத நம் பகுதியில் இக்கணக்கு எளிதில் மீறப்படுகிறது. காசிமேட்டில் கிடைக்கும் புதுமீனைக் குழம்பு வைத்துண்பதில் தடையில்லை. உப்பிட்டு உலர்த்தியதைத்தான் ஒதுக்க வேண்டும்.

மாத்திரைகளை இடையில் நிறுத்துவது இன்னொரு பெரும் பிழை. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களுள் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் நூற்றுக்கு ஏழெட்டுப் பேரே. இரத்தக் கொதிப்புக்கு வலியில்லை. ஆகையால் "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். நடை மாத்திரைக்குத் துணையேயன்றி மாற்று ஆகாது. அவ்வாறே, அடைப்பை நீக்கி உலோக வலை வைத்தாயிற்று, அல்லது அறுவை சிகிச்சை ஆயிற்று, இனிக் கவலையில்லை என்று எண்ணுவதும் பிழை. இந்நாட்டின் முதல் இருதய இரத்தக்குழாய் மாற்றுவழி அறுவை, நம் வடசென்னையிலேயே, பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே. எம். செரியன் அவர்களால் 1975-இல் செய்யப்பட்டது. அத்தகைய சிகிச்சை அடைபட்ட இடத்துக்கு வழி செய்கிறது. அடைக்கும் காரணங்களை நீக்குவது நோயாளியின் கையில் இருக்கிறது.

அளவும் எச்சரிக்கையும்

எவ்வளவு நடப்பது என்பதை ஒவ்வொருவரும் தம் டாக்டரிடமே முதலில் கேட்டறிய வேண்டும். ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருவோரும், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதோரும், கால் வீங்கி மூச்சுத் திணறுவோரும், இருதய வால்வு மிகச் சுருங்கியோரும் அனுமதியின்றித் தொடங்கவே கூடாது. மற்றவர்க்குப் பொதுவான முறை பின்வருமாறு.

வீடு திரும்பிய முதல் வாரத்தில் சமதரையில், வீட்டருகிலேயே, காலையும் மாலையும் ஐந்து அல்லது பத்து நிமிஷம் மெல்ல நடந்தால் போதும். ஒவ்வொரு வாரமும் சில நிமிஷங்கள் கூட்டிக்கொண்டு, சில வாரங்களில் அரைமணி நேரத்தை எட்டலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி என்பது குறி. ஒரே மூச்சில் இயலாதவர் பத்துப் பத்து நிமிஷங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிஷமும் கடைசி ஐந்து நிமிஷமும் மெதுவாக நடக்க வேண்டும். திடீரெனத் தொடங்குவதும் திடீரென நிற்பதும் ஆகா.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே பக்கத்திலிருப்பவரோடு பேச முடியவேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம். பாட்டு தாராளமாக வந்தால் வேகம் போதாது. இருதய நோயாளிகள் பலர் உண்ணும் மாத்திரை நாடித்துடிப்பை அடக்கிவைப்பதால், நாடியை எண்ணுவதைக் காட்டிலும் இம்முறையே நம்பத்தக்கது.

வயிறார உண்டவுடன் நடக்கலாகாது; ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுவோர் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ மடியில் வைத்திருத்தல் நன்று. நாக்கின்கீழ் வைக்கும் மாத்திரை தரப்பட்டவர் அதை விட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் சூரியன் ஏறுமுன்னரே நடந்து முடித்துவிட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை உண்போர்க்கு இது மிக அவசியம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர்ச் சாலையோரம் நடைக்கு ஏற்ற இடமன்று. புகையும் நுண்தூசியும் இருதயத்துக்கே கேடு செய்வன. திருவொற்றியூரில் இருப்பவர்க்குக் கோயில் மாட வீதிகளும், ராயபுரத்தில் இருப்பவர்க்கு முன்னாளில் ராபின்சன் பூங்கா எனப்பட்ட அறிஞர் அண்ணா பூங்காவும், மற்றவர்க்கு வண்டி நடமாட்டம் குறைந்த உட்தெருக்களும் அதிகாலையில் போதுமானவை.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், வழக்கத்துக்கு மீறிய மூச்சிறைப்பு இவற்றுள் ஒன்று கண்டாலும் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். தணியாவிடில் 108-ஐ அழைப்பதில் தயக்கம் கூடாது. வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக் காலம் கடத்துவதால் இழந்த உயிர்கள் பல. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் முன்னோர் அழைத்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருதயப் பிரிவு உள்ளது. 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதலில் தரவேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் வைத்திருக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கின்றனர்.

தறிக்கும் வயலுக்கும் திரும்புவதும் படிப்படியாகவே அமைய வேண்டும். முதலில் தார் சுற்றுதல், நூல் பிரித்தல், கணக்கெழுதுதல் போன்றவை; பின்னர் அரைநாள் தறி; அதன்பின் முழுநாள். பாவு உருளையையோ உர மூட்டையையோ தூக்குவது டாக்டர் சொல்லும்வரை பிறர் பொறுப்பாக இருக்கட்டும்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு சொல். இல்லத்தரசிக்கும் மீன்கூடை சுமக்கும் அம்மாளுக்கும் இந்நோய் வராது என்ற எண்ணம் தவறு. வந்தபின் அவர்களை நடக்க அனுப்புவோர் ஆண்களை அனுப்புவோரிலும் குறைவு. வீட்டு வேலைகளை விரைவில் அவர் தலையில் சுமத்திவிட்டு, நடையை மட்டும் மறுப்பது நீதியன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தனி மனிதர் உறுதி பூண்டு நடப்பது கடினம். நான்கு நாள் நடந்து ஐந்தாம் நாள் சோர்வது இயற்கை. கூட்டுறவின் பயன் இங்கேதான் தேவைப்படுகிறது. சென்னைத் திருமங்கலத்தில் நடுத்தர வருவாயினர் வாழும் குடியிருப்பொன்றில், நீரிழிவு ஆராய்ச்சியாளர் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் ஆய்வு நடத்தியபோது, ஒழுங்காக உடற்பயிற்சி செய்தோர் நூற்றுக்குப் பதினான்கு பேரே. ஆய்வின் முடிவைக் கேட்ட குடியிருப்போர் தாமே பணம் திரட்டி நடைபாதையோடு ஒரு பூங்கா அமைத்தனர். சில ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது அத்தொகை நூற்றுக்கு ஐம்பத்தெட்டுக்கு மேல் உயர்ந்திருந்தது. பங்கு சேர்த்துப் பொதுக் காரியம் செய்தல் நம் சங்கங்களுக்குப் புதிதன்று.

நம் அங்கத்தினர்க்குப் பூங்கா அமைக்கும் வசதி இல்லாதிருக்கலாம். தெரு இருக்கிறது, ஆட்கள் இருக்கின்றனர். தெருவுக்கு ஒரு நடைக் குழு அமைத்து, நோய் கண்டவரோடு நோயில்லாதவரும் சேர்ந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால், துணையும் பாதுகாப்பும் ஒருங்கே கிட்டும். துணையோடு நடக்கும் கணவனையோ தாயையோ எண்ணி வீட்டார் அஞ்சமாட்டார்கள். சட்டத்துக்கும் துணைவிதிகளுக்கும் உட்பட்டு, பொது நல நிதியிலிருந்து இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம். கூலி வாங்க வரும் நாளில் அங்கத்தினர் ஐந்து நிமிஷம் அமர்ந்து இளைப்பாறி அளவு பார்த்து, ஏட்டில் குறித்துச் செல்லலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்களைச் சங்கத்துக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆயிரம் முதல்வர் மருந்தகங்களில் பல கூட்டுறவு சங்கங்களாலேயே நடத்தப்படுகின்றன. விலை கருதி மாத்திரையை நிறுத்தும் அங்கத்தினர்க்கு அவற்றின் இருப்பிடத்தை அறிவிப்பது செயலாளரின் கடமை.

இறுதியாக நிர்வாகக் குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். தவணை கட்டாதவர் காலையில் கைவீசி வீதியில் உலாவுகிறாரே என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அப்பேச்சுக்கு அஞ்சியே நோயாளி வீட்டுக்குள் முடங்குவதும் உண்டு. அவர் உலாவவில்லை, டாக்டர் எழுதித் தந்த சிகிச்சையைச் செய்கிறார். அவரைத் திண்ணைக்கு விரட்டினால் கடனும் வராது, ஆளும் மிஞ்சமாட்டார். அதற்கு மாறாக, விதிகள் இடந்தரும் அளவுக்குத் தவணைக் காலத்தை நீட்டித்து, உடலுக்கேற்ற சிறு வேலையை முதலில் கொடுத்து, அவர் காலூன்ற உதவினால், சங்கம் தன் அங்கத்தினரையும் தன் பணத்தையும் ஒருங்கே காத்துக்கொள்ளும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, எந்தத் தெருவில், எந்தத் தேதியில், யார் பொறுப்பில் நடைக் குழு தொடங்குவது என்பதைத் தீர்மானமாக எழுதிவைக்க வேண்டுகிறோம்.